பதினெட்டாம் போரும் இருபது பேர் சண்டையும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி லரேடோ என்றொரு ஊர் இருக்கிறது. 2007 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை இரவு அந்த ஊர் அரங்கில் இருபது பேர் ஒரே ரிங்குக்குள் ஏறினார்கள். மேல் கயிற்றைத் தாண்டி விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டவன் வெளியே போக வேண்டும். கடைசியாக உள்ளே நிற்பவனுக்கு உலக ஹெவிவெயிட் பட்டம். ஒவ்வொருவராக விழுந்து முடிந்து மூன்று பேர் மிஞ்சினார்கள். கேனும் பட்டிஸ்டாவும் கயிற்றோரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்ற நேரத்தில், ஏழடிக்கு மேல் வளர்ந்த ஒரு மனிதர் வந்து இருவரையும் சேர்த்து வெளியே தள்ளினார். அவர்தான் ‘தி கிரேட் காளி’. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற மல்யுத்த நிறுவனத்தின் உலகப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். மூன்று நாள் கழித்து, ஜூலை 20 வெள்ளிக்கிழமை, ‘ஸ்மாக்டவுன்’ நிகழ்ச்சியில் அது ஒளிபரப்பானது.

செஞ்சிக்கு வடமேற்கே உள்ள அவலூர்பேட்டைப் பக்கம் அந்தச் செய்தி வந்து சேர்ந்த விதம் தனி. அப்போது இங்கே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி புதிது. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது 2006 செப்டம்பரில்தான். டென் ஸ்போர்ட்ஸ் தெரிகிற வீடு எதுவோ அங்கே தெருப் பையன்கள் கூடுவார்கள். ஆங்கில வர்ணனை யாருக்கும் புரியாது. புரிய வேண்டிய தேவையும் இல்லை. எந்த வீரன் எவ்வளவு உயரம், எத்தனை எடை, மார்பு எவ்வளவு, கை எவ்வளவு என்பதெல்லாம் பெட்டிக்கடைச் சீட்டுக்கட்டிலேயே அச்சாகியிருந்தது. 2002இலேயே நிறுவனம் ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப்.’ என்ற தன் பழைய பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. காட்டுயிர் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதே எழுத்துகளுக்கு உரிமை கோரி வழக்குப் போட்டு ஜெயித்ததுதான் காரணம். எங்கள் சீட்டுக்கட்டுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. அது கடைசிவரை ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு’தான். “காளி ஜெயிச்சிட்டான்டா” என்று பையன்கள் கத்தியபோது, திண்ணையில் இருந்த ஆயா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது இது: “அவனுங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினு கெடந்தானுங்க. இவன் வந்து தள்ளுனான். இதுல இவன் இன்னாடா பண்ணான்?”

இத்தனை வருஷம் கழித்து அந்த நிகழ்ச்சியைத் திரும்பப் பார்க்கும்போது, அதைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் சரியான விமர்சனம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆயா கேட்டது “இது நிஜமா, செட்டப்பா” என்று அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் படித்தவர்கள். அவர் கேட்டது, இந்த முடிவுக்கு இந்த ஆள் உழைத்தானா என்று.

அவரால் அப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம் இந்த மண். செஞ்சி வட்டாரம் திரௌபதியம்மன் வழிபாட்டின் மையம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட தம் பெரிய நூலின் முதல் தொகுதிக்கே, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பொருள்படத் துணைத்தலைப்பு வைத்தார். பழைய செஞ்சியான மேலச்சேரித் திரௌபதி கோயிலே ஆதி கோயில் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம்: மைதானத்தில் மல்லாந்து கிடக்கும் பெரிய மண் துரியோதனன், அவனைச் சுற்றி வேஷம் கட்டிய வீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். யார் ஜெயிப்பார் என்பது அங்கே நிற்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் கூட்டம் வரும். தொடையில் அடி விழும். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

அந்த அடியை நினைத்துப் பாருங்கள். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். வீமன் விதியை மீறி அடிக்கிறான். பலராமன் கோபத்தில் எழுகிறான். நம்முடைய மிகப் பெரிய சண்டையின் முடிவே ஒரு ‘ஃபவுல்’தான். ஓரத்திலிருந்து சைகை காட்டும் கூட்டாளி, தடுக்க முடியாத நடுவர், கீழே விழுந்தவனின் நியாயமான ஆத்திரம் என்று மல்யுத்தத் தொலைக்காட்சி வாராவாரம் கையாளும் சரக்கு மொத்தமும் அதில் இருக்கிறது. ஒரே வேறுபாடு, நம் கதையில் தப்பாட்டம் ஆடுபவன் நாயகன். அந்தச் சங்கடத்தைக் கூத்து மூடி மறைப்பதும் இல்லை. செத்த துரியோதனனுக்காக அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கும்போது கூட்டத்தில் கண் கலங்காதவர்கள் குறைவு.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதல் கட்டுரையை மல்யுத்தத்துக்குத்தான் ஒதுக்கினார். இது விளையாட்டே அல்ல, காட்சி. துன்பமும் தோல்வியும் நீதியும் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டப்படுகிற கிரேக்க நாடகத்தின் உறவுக்காரன் என்பது அவர் வாதம். பாரிசின் மட்டமான அரங்குகளில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்ததை எங்கள் ஊர்க்காரர்கள் கோரைப்பாயில் உட்கார்ந்தே தெரிந்துவைத்திருந்தார்கள். இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, அடவு வைத்து, முகத்தைக் காட்டாமல் நேரத்தை இழுத்துப் பிறகு திரை விலக்குவான். அண்டர்டேக்கர் என்ற மல்யுத்த வீரர் வரும்போது விளக்கு அணைந்து மணி அடித்ததும் அதே இழுப்புதான். கட்டியங்காரன் வந்து ‘நீ யார், எந்த நாட்டு ராஜா’ என்று கேட்டால்தான் கூத்து ராஜா தன்னைச் சொல்லிக்கொள்வான். காளிக்கும் கட்டியங்காரர்கள் தேவைப்பட்டார்கள். முதலில் தைவாரி என்ற மேலாளர் அவருக்காகப் பேசினார். பின்னாளில் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிக் கூட நிறுத்தப்பட்ட ‘ரஞ்சின் சிங்’, நிஜத்தில் அந்த நிறுவனத்துக்கே கதை எழுதிக்கொண்டிருந்தவர்.

இது முன்னேற்பாடு என்பதை நிறுவனமே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் முதலாளி வின்ஸ் மக்மேன் தரப்பு சொன்னதன் சாரம், இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்பதே. உண்மை பேசும் ஆசையால் அல்ல. போட்டி விளையாட்டுகளுக்குரிய ஒழுங்குமுறைகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க. ஆகவே 2007இல் ஒருவர் “அதெல்லாம் பொய்” என்று கண்டுபிடித்துச் சொன்னால், அது பதினெட்டு வருஷப் பழைய செய்தி.

ஆனால் ‘பொய்’ என்று தள்ளிவிடவும் முடியாது. மல்யுத்த ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய நுரைப்பஞ்சு, மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். விழும்போது எழும் ஓசையில் பாதி பலகையின் வேலை; மீதி, முதுகின் வேலை. அடி விழாதபடி அடிக்கலாம். விழாதபடி விழ முடியாது. கூத்துக்காரர்கள் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு விடிய விடியச் சுற்றிச் சுற்றி ஆடிவிட்டுக் காலையில் படுகளத்தில் ஓடுவதும் இப்படித்தான். வேஷம் கட்டியது, முழங்கால் சொந்தம்.

அந்த ஜூலை மாதப் பட்டம் காளியிடம் வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏப்ரல் 1 அன்று ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கர் பட்டிஸ்டாவை வென்று பட்டத்தை எடுத்தார். சில வாரத்தில் அவருடைய புஜத் தசை கிழிந்தது. பட்டத்தை யாருக்காவது மாற்றியாக வேண்டும். விரும்பும் நேரத்தில் பட்டத்துக்குச் சவால்விடும் உரிமை, பெட்டியாக, மிஸ்டர் கென்னடி என்பவரிடம் இருந்தது. அவருக்கும் கையில் அடி. தசை கிழிந்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதியதால் அந்தப் பெட்டி எட்ஜ் என்ற வீரருக்குப் போனது. (கிழியவில்லை, வெறும் ரத்தக்கட்டு என்று பிறகு தெரிந்தது. பாவம், அதற்குள் பெட்டி போய்விட்டது.) பெட்டி கைக்கு வந்த அடுத்த நாளே, மே 8 அன்று, களைத்து விழுந்து கிடந்த அண்டர்டேக்கரை எட்ஜ் வீழ்த்திப் பட்டம் சூடினார். ஜூலையில் கேன் வந்து எட்ஜைத் தாக்குவதாக ஒரு காட்சி. காட்சி கதை, அதில் எட்ஜின் மார்புத் தசை கிழிந்தது நிஜம். அவர் பட்டத்தை ஒப்படைத்தார். உடனே வைத்ததுதான் இருபது பேர் சண்டை.

எழுத்தாளர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதிய கதையை மூன்று தசைநார்கள் திருத்தி எழுதியிருக்கின்றன. இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் என்று நாம் கொண்டாடிய நிகழ்வு, திட்டமிட்ட முடிசூட்டல் அல்ல. ராஜா நோயில் விழுந்து, இளவரசனும் விழுந்து, யானை மாலை போட்ட ஆளைப் போன்ற ஏற்பாடு. அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள்தான் காளி இரண்டு முறை ஜான் சீனாவிடம் தோற்றிருந்தார், மே 20 அன்று ஒரு முறை, ஜூன் 3 அன்று மறுமுறை. தோற்றவன் எழுந்து பயின்று பழிதீர்க்கும் கதை எதுவும் நடுவில் இல்லை. பாசுபதாஸ்திரம் வேண்டுமென்றால் அருச்சுனன் தபசு மரம் ஏற வேண்டும். ஏறுவதைக் கூத்து நமக்குக் காட்டியே தீரும். காளி எந்த மரமும் ஏறவில்லை. “இவன் இன்னாடா பண்ணான்” என்று ஆயா கேட்டது அதைத்தான்.

அதே கோடையில் இதைவிட இருண்ட ஒன்றும் நடந்தது. ஜூன் 11 அன்று ‘ரா’ நிகழ்ச்சியின் முடிவில் வின்ஸ் மக்மேன் ஒரு லிமோசின் காரில் ஏறினார். கார் வெடித்துச் சிதறியது. முதலாளி செத்துவிட்டார் என்று கதை. கொலையாளி யார் என்று பல வாரம் ஓட்டுவதாகத் திட்டம். ஜூன் 25, திங்கட்கிழமை, மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா தம் மனைவியோடும் சிறு மகனோடும் வீட்டில் இறந்து கிடப்பதைக் காவல்துறை கண்டது. அன்று இரவு, காலி அரங்கில் நின்று, ‘இறந்துபோன’ மக்மேனே திரையில் தோன்றி முந்தைய கதை கதைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பென்வாவுக்கு அஞ்சலியாக மூன்று மணி நேர நிகழ்ச்சி போனது. அது ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, மனைவியையும் மகனையும் கொன்றவர் அவர்தான் என்ற விவரம் வெளிவரத் தொடங்கியது. மறுநாள் மக்மேன் மீண்டும் தோன்றி, இனி அந்தப் பெயர் இந்த நிகழ்ச்சியில் ஒலிக்காது என்றார். அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து லரேடோவில் இருபது பேர் ரிங்கில் ஏறியபோது, அந்த இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கூத்திலும் ஆட்டம் கைமீறும் கணங்கள் உண்டு. துகில் உரியும் இரவில் துச்சாதன வேஷக்காரன் சேலையில் கை வைக்கும் முன் கூத்து நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷக்காரன் அம்மனைக் கும்பிட்டு, இது கதைக்காகச் செய்வது, என்னை மன்னித்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டு பிறகுதான் தொடருவான். வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கூட்டத்தின் முன்னாலேயே தொட்டுக் காட்டிவிட்டு ஆடும் முறை அது. அருள் வந்து ஆடுபவனைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். தொலைக்காட்சி மல்யுத்தத்திடம் கற்பூரம் இல்லை. அதனிடம் இருப்பது கத்தரி. பதிவு செய்து மூன்று நாள் கழித்து ஒளிபரப்பும் நிகழ்ச்சியில் கூட்டத்தின் இரைச்சலைக்கூட ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். வேண்டாத பெயரை வெட்டிவிடலாம். பென்வாவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொலைக்கு என்ன அஞ்சலி? ஆனால் தலையில் வாங்கிய அடிகள் ஒரு மனிதனின் மூளையை என்ன செய்யும் என்ற கேள்வி அந்தக் கத்தரியில் அறுபடக் கூடியது அல்ல. அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள் கடுமையான சிதைவைக் கண்டதாக அதே ஆண்டில் அறிவித்தார்கள்.

காளியின் கதையிலும் அப்படியொரு பக்கம் உண்டு. 2001 மே மாதம் கலிபோர்னியாவின் ஒரு பயிற்சிப் பள்ளியில், அவருடன் பயிற்சி செய்த இளைஞர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த இளைஞருக்கு ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்தது. 2005இல் நீதிமன்றம் பள்ளியைப் பொறுப்பாக்கிக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

தலிப் சிங் ராணா என்பது அவர் இயற்பெயர். இமாச்சலத்தின் சிர்மௌர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1972இல் பிறந்தார். காவலாளியாக இருந்தார், பஞ்சாப் காவல்துறையில் சேர்ந்தார், உடற்கட்டுப் போட்டிகளுக்குப் போனார். இமாச்சல மலைக்காரரை அமெரிக்கத் திரை இந்தியக் காட்டிலிருந்து வந்தவராக்கியது. புலிகளை முறைத்து நின்றவர் என்றது. அவருக்கென்று மூங்கிலில் கூண்டு கட்டி, அதற்குப் ‘பஞ்சாபி சிறை’ என்று பெயர் வைத்தது. 2006இல் அந்தக் கூண்டு முதன்முதலாக அரங்கேறியபோது கல்லீரல் பரிசோதனை முடிவு சரியில்லாமல் காளியே அதில் ஆட முடியாமல் போனது; அவர் இடத்தில் பிக் ஷோ ஏறினார். மூங்கிலுக்கும் பஞ்சாபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பெயர்தான் வேடிக்கை. தேவி காளியின் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தி பேசும் வட்டாரங்களில் சிலருக்கு ஆணுக்கு அந்தப் பெயர் நெருடியிருக்கலாம். எங்களுக்கு நெருடவில்லை. அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் மேல்மலையனூர். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளைக்குப் போனால், காளி வேஷம் கட்டி நாக்கை நீட்டிக்கொண்டு வரும் ஆண்களைத் தெருவெல்லாம் பார்க்கலாம். மீசைக்காரக் காளி எங்கள் பையன்களுக்குப் பழகிய முகம். அமெரிக்கர்கள் கட்டிய வேஷத்தில் புலியும் மலைப்பாம்பும் இருந்தன. இங்கே பார்த்தவர்கள் அதற்கு அங்காளம்மன் சாயம் பூசிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. செஞ்சிக்காரர்கள் ஒரு சிங்கை ஏற்கெனவே தத்தெடுத்தவர்கள். புந்தேல இராசபுத்திரனான தேஜ் சிங், 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி இளம் வயதில் மாண்டவன். ஆட்சி செய்தது சில மாதங்கள். ஜெயித்த நவாபை யாரும் பாடவில்லை. தோற்ற தேஜ் சிங்கைத் ‘தேசிங்கு’ ஆக்கி முந்நூறு வருஷமாகப் பாடுகிறார்கள். பட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இந்த ஊர் ஆளை எடைபோடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொலைக்காட்சிக்கு முன்பே நம்மவர்களுக்கு இந்தச் சுவை உண்டு. நாற்பதுகளின் இறுதியில் தாரா சிங் தொழிலைத் தொடங்கியது சிங்கப்பூர், மலாயா அரங்குகளில். ஹங்கேரியில் பிறந்து ஏறத்தாழ 200 கிலோ எடையோடு ‘கிங்காங்’ என்று பெயர் வாங்கிய எமில் சாயாவின் சண்டைகளைப் பார்க்க சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்காக்களில் கூட்டம் நெரிந்தது. தாரா சிங் 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்தபோது, நாடே அவரை மல்லராகவும் வானரராகவும் ஒரே நேரத்தில் பார்த்தது. வேஷமும் உடலும் அவ்வளவு பொருந்தி வந்தது அபூர்வம். காளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் உடல் பெரியது. அதற்குத் தகுந்த வேஷத்தை யாரும் எழுதவில்லை.

அவரிடம் பட்டம் 61 நாள் இருந்தது. ஜூலை 22 அன்று கேனையும் பட்டிஸ்டாவையும் எதிர்த்துக் காப்பாற்றினார். ஆகஸ்ட் 26 அன்று பட்டிஸ்டாவிடம் விதிமீறலால் தோற்றார். அப்படித் தோற்றால் பட்டம் கைமாறாது என்பது அவர்கள் வழக்கு. செப்டம்பர் 16 அன்று பட்டிஸ்டா அதை எடுத்துக்கொண்டார். அதன் பின் ஆண்டுக்கணக்கில் காளி நடனமாடிச் சிரிப்பு மூட்டும் ஆளாக ஆக்கப்பட்டார். முழங்கால் மடங்காமல் அவர் நடப்பதைப் பையன்கள் தெருவில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். 2012 ஜூலையில் பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் அவருடைய பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு கட்டியை அகற்றினார்கள். வளர்ச்சிச் சுரப்பை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தது அந்தக் கட்டி. கையும் தாடையும் எலும்பும் தடித்ததும், மூட்டுகள் தேய்ந்ததும் அதனால். சீட்டுக்கட்டில் நாங்கள் ‘ஹைட்டு’ என்று கூவி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிய எண்ணுக்குப் பின்னால் இருந்தது ஒரு நோய். ஆண்ட்ரே என்ற பழைய ராட்சதருக்கும் அதே நோய். பிக் ஷோவும் அதற்காக அறுவை செய்துகொண்டவர்தான். ஒரு தொழில் தன் ராட்சதர்களைத் தொடர்ந்து ஒரே நோயிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

பின்னாளில் அவர் ஜலந்தரில் மல்யுத்தப் பள்ளி தொடங்கினார். 2021இல் நிறுவனம் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது.

அந்த லரேடோ காட்சியைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். கேனும் பட்டிஸ்டாவும் விழுந்த பிறகு காளி ரிங்கின் நடுவே பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். பையன்களோடு பார்த்த அன்று கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. திரும்பும்போது ஒரு காலை இழுத்து வைத்து, கயிற்றில் கை ஊன்றித்தான் அவரால் நிலைக்க முடிகிறது. கேமரா அதைக் காட்ட விரும்பாமல் உடனே முகத்துக்குப் போய்விடுகிறது.

படுகளம் முடிந்த மதியம் அந்த மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். தீமிதிக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வீம வேஷக்காரர் புஜக்கட்டையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அரிதாரம் வழிய, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு டீ குடிப்பார். பெண்கள் குனிந்து, அடிபட்ட துரியோதனன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். நெல் வைக்கும் இடத்தில் போட்டு வைக்க.